பாதி மிச்சமிருந்த ட்யூப்

போன மே மாதம் ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வேகமாக வந்தார். பத்து நாளைக்கு முன்னால் என்னிடம் சன்ஸ்கிரீன் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனவர். பையிலிருந்து அதே ட்யூபை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"இது டூப்ளிகேட் சரக்காக்கா? பெரியவனுக்கு மூக்கு, தோள்பட்டை எல்லாம் உரிஞ்சிப்போச்சு. தினமும் காலையில போட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன்."

கையில் வாங்கிப் பார்த்தேன். 50 கிராம் ட்யூப். தராசே வேண்டாம், கனமே சொன்னது. நான்கு பேர், மூன்று நாள், கடற்கரை வெயில். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சரக்கில் கோளாறு இல்லை. கிரீம் ட்யூபுக்குள் பத்திரமாக இருந்தது, பிள்ளைதான் வெயிலில் இருந்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. வாங்க வந்தபோது "எங்கே போறீங்க, எத்தனை பேர், எத்தனை நாள்?" என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ட்யூபோடு அனுப்பியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் யார் சன்ஸ்கிரீன் கேட்டாலும் முதலில் இந்த மூன்றையும் கேட்கிறேன். வியாபாரத்துக்காகக் கேட்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எல்லோரும் என்னிடம் கேட்பது நம்பர்தான். "நூறு இருக்கா?" என்பார்கள், ஏதோ சுவிட்ச் போட்டதும் நூறு வாட்ஸ் எரியப்போகிறது போல. எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கு. 15 போட்டிருந்தால் ஏறத்தாழ 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. அதற்கு மேலே நம்பர் ஏற ஏற விலை ஏறுகிற அளவுக்குப் பாதுகாப்பு ஏறாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசித்தான் ஆய்வுக்கூடத்தில் அந்த நம்பரைக் கண்டுபிடிக்கிறார்கள். வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் பாதி. ஐம்பது என்று காசு கொடுத்து வாங்கியது தோலில் ஐம்பதாக வேலை செய்வதே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு வயதுப் பிள்ளையின் உடல் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். முழு உடம்புக்கும் பூசினால் 16 கிராம். சட்டையும் அரைக்கால் டவுசரும் போட்டிருந்தால் முகம், காது, கழுத்து, கை, முழங்காலுக்குக் கீழே என்று 6, 7 கிராம். ஒன்பது வயது அண்ணனுக்கு 8 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 15 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பகலில் மூன்று தடவை பூசினால் 45 கிராம். அந்த 50 கிராம் ட்யூப் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நாளைக்கான சரக்கு. அப்பா அம்மா கணக்கு தனி.

சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டதில் நியாயம் இருந்தது: "அப்போ டூர் செலவுல பாதி இதுக்கே போயிடுமேக்கா?"

போகாது. பூச வேண்டிய இடத்தைக் குறைத்தால் கிரீமும் குறையும். அதனால்தான் கிரீம் கேட்டு வருபவர்களை நான் முதலில் துணிக்கடைக்கு அனுப்புகிறேன். எம்.சி. ரோட்டில் பிள்ளைகளுக்கு முழுக்கை பருத்திச் சட்டை கிடைக்காத விலையா? நெருக்கமாக நெய்ததாகப் பார்த்து எடுங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியக் கூடாது. வெள்ளையைவிட அடர்நிறம் கதிரைக் கூடுதலாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளை டீ-ஷர்ட் நனைந்துவிட்டால் பாதி இல்லாத மாதிரிதான், ஆகவே தண்ணீரில் ஆட ஒரு அடர்நிறச் சட்டை தனியாக இருக்கட்டும். தொப்பி வாங்கினால் சுற்றிலும் விளிம்பு உள்ளதாக வாங்குங்கள். கிரிக்கெட் தொப்பி நெற்றியைத்தான் காக்கும். காதும் பிடரியும் வெந்துபோகும். ஆஸ்திரேலியாவில் 1981-ல் தொடங்கிய புகழ்பெற்ற வெயில் விழிப்புணர்வு இயக்கத்தின் முழக்கத்தில் அப்போது இருந்தது மூன்றே விஷயம்தான்: சட்டையை மாட்டு, கிரீமைப் பூசு, தொப்பியை வை. அதில் முதலில் வருவது சட்டை.

அடுத்தது நேரம். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12 மணி 10 நிமிட வாக்கில். ஏப்ரல் இறுதியில் இங்கே நண்பகலில் நிழலே காலடியில் மறைந்துபோகிறது. நம் பள்ளி விடுமுறை சரியாக அதை ஒட்டித்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் கூரைக்கு ஓடு. கடலில் குளிப்பதைக் காலை ஒன்பது மணிக்குள்ளோ, நாலு மணிக்குப் பிறகோ வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குடைக்கு அடியில் உட்கார்ந்தாலும் முழு விடுதலை இல்லை, மணல் சுமார் 15 சதவீதக் கதிரைத் திருப்பி அடிக்கும். தண்ணீருக்குள் இருந்தால் சுடாது என்பதும் நினைப்புதான். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 சதவீதம் இருக்கும்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் சன்ஸ்கிரீன் கேட்பதே இல்லை. நானும் ஒரு காலத்தில் கேட்காதவள்தான். என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது மே மாதம் ஊட்டி போனோம். ஸ்வெட்டர் போட்டேன், மஃப்ளர் கட்டினேன், முகத்தை மறந்தேன். இரண்டாம் நாள் மூக்கும் கன்னமும் சிவந்து, ஊர் திரும்புவதற்குள் உரிந்தது. மருந்துக்கடைக்காரி மகள்! வெயில் உறைக்கவில்லை என்பதற்கும் புற ஊதாக் கதிர் இல்லை என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய மேகமும் பெரிதாகத் தடுக்காது.

இனி ட்யூபுக்கு வருவோம். முன்பக்கத்துக் கார்ட்டூன் படத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். எஸ்.பி.எஃப். 30 முதல் 50 போதும். அது யு.வி.பி.க்கு மட்டும் என்பதால் யு.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கும் பாதுகாப்பு வேண்டும். அதற்கு பிராட் ஸ்பெக்ட்ரம் என்ற சொல்லோ, பி.ஏ. எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். கார் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதும் இந்த யு.வி.ஏ.தான். பிள்ளைகளுக்கு நான் எடுத்துக் கொடுப்பது ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு சேர்ந்த மினரல் வகை. கண்ணில் பட்டாலும் எரிச்சல் குறைவு, கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைகளின் தோலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். பூசியதும் வேலை செய்யும் என்றாலும், வியர்வைக்கு முன் தோலில் படிய ஒரு கால் மணி நேரம் கொடுங்கள்.

மினரல் வகையில் ஒரு தொல்லை உண்டு. நம் நிறத்தில் அது திட்டுத்திட்டாக வெள்ளையாகத் தெரியும். விபூதிப் பட்டை போட்ட மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் அழுவார்கள். எனக்கென்னவோ பிள்ளைகள் விஷயத்தில் அது நல்லதுதான் என்று தோன்றுகிறது. எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். காதுமடல், பிடரி, பாதத்தின் மேல்புறம், முழங்கால் மடிப்பு ஆகிய நான்கும்தான் வழக்கமாக விட்டுப்போகிற இடங்கள்.

ஸ்ப்ரே வேண்டாம். பாதி காற்றில் போகிறது, மீதியில் கொஞ்சம் பிள்ளை மூச்சில் போகிறது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தண்ணீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம், நாள் முழுக்க என்று அல்ல. துண்டால் துடைத்தாலே கிரீமும் துண்டோடு போய்விடும், திரும்பப் பூசியாக வேண்டும். கொசு மருந்தும் போட வேண்டுமென்றால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து அதன் மேல். இரண்டும் கலந்து ஒரே ட்யூபில் வருவது வேண்டாம், ஏனென்றால் ஒன்றை அடிக்கடி பூச வேண்டும், மற்றதை அப்படி அடிக்கடி பூசக் கூடாது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு எந்தக் கிரீமும் கிடையாது. நிழல், துணி, தொப்பி மட்டும்.

புது ட்யூப் என்றால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். வெளியூரில் போய்த் தடித்தால் சமாளிப்பது கஷ்டம். வீட்டில் பெரிய பிள்ளை யாராவது முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறதா என்றும் கேட்பேன். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுட்டுவிடும்; முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிந்த கையைக் கழுவாமல் விட்டால் சாறு பட்ட இடம் வெந்து கருக்கும். சர்பத் போடுகிறவர் நிழலில் போடட்டும்.

"காசிமேட்டுல பசங்க நாளெல்லாம் வெயில்லதான் கிடக்குதுங்க, கிரீமா போடுதுங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் தோலில் உள்ள மெலனின் ஓரளவு இயற்கைக் குடை. வெள்ளைத் தோலோடு ஒப்பிட்டால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்கு மிகக் குறைவு. அந்தப் பயத்தைக் காட்டி யாரும் எதையும் விற்க வேண்டியதில்லை. ஆனால் வருஷம் முழுக்க வெயிலில் பழகிய தோல் வேறு, பத்து மாதம் வகுப்பறையில் இருந்துவிட்டு மூன்று நாள் கடற்கரையில் கிடக்கும் தோல் வேறு. கறுத்த பிள்ளைக்கும் தோல் வேகும். சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாததால், தொட்டால் கத்தும்போதுதான் கண்டுபிடிக்கிறோம்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடமும் உண்டு. பாதிப் பேர் சன்ஸ்கிரீன் கேட்பது பிள்ளை கறுத்துவிடும் என்ற பயத்தில். ஒரு குட்டிப் பெண் என்னிடமே கேட்டது: "ஆன்ட்டி, இதப் போட்டா நான் வெள்ளையாயிடுவேனா?" அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இது எரியாம இருக்கறதுக்கு கண்ணு, நிறத்துக்கு இல்ல" என்றேன்.

டூர் முடிந்து வந்ததும் அதே பயம் வேறு வேஷத்தில் வரும்: "கருப்பு போக ஒரு கிரீம் குடுக்கா." அவர்கள் சொல்லும் பெயர்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. பிள்ளை முகத்தில் அதைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் வெளியே தெரிந்து, நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவக்கும். நான் கொடுப்பதில்லை. வெயிலில் வந்த கருப்பு சில வாரங்களில் தானே மங்கும்.

வெந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, நிறையத் தண்ணீர், மோர். வலி இருந்தால் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால். ஐஸ் கட்டி, பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் எழும்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ கடைக்கு வராதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பெண்ணின் மிச்ச ட்யூபை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திறந்த தேதியை மார்க்கரால் அதன் மேல் எழுதிக் கொடுத்தேன். பின்பக்கம் சின்னதாகத் திறந்த டப்பா படம் போட்டு 12எம் என்று இருந்தது. திறந்து பன்னிரண்டு மாதம் வரைக்கும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அடுத்த மே வரை பீரோவில் வைக்காதீர்கள், காருக்குள்ளும் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் பிரிந்துபோகும் என்றேன். பெரியவன் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவானாம். ஒரு மாதத்தில் காலி பண்ணிவிடலாம்.