ரெடிமேட் காலம் கேஜ்: ஆயத்தத் தூண் கம்பிக்கூடு

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடத்தில் "காலம் வந்துடுச்சா?" என்று இன்ஜினியர் கேட்டால் யாரும் பதற வேண்டாம். இந்தக் 'காலம்' தூணுக்கான ஆங்கிலச் சொல்; அவர் கேட்பது தூணுக்கான கம்பியை. மேஸ்திரி அதையே பில்லர் என்பார்.

தூணின் நெடுங்கம்பிகளையும் அவற்றைச் சுற்றி வரும் ரிங்குகளையும் வேறோர் இடத்தில் வளைத்து, கட்டுக்கம்பியால் முடிந்து, முழு உருவமாகக் கொண்டுவந்து நிறுத்தினால் அது ரெடிமேட் காலம் கேஜ். இதில் கான்கிரீட் கிடையாது. கான்கிரீட்டையும் சேர்த்து வார்த்துக் கொண்டுவந்தால் அது ப்ரீகாஸ்ட், அதாவது முன்வார்ப்புத் தூண். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறவர்கள் நிறைய.

குறுகிய மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு கம்பி வளைக்க இடம் ஏது? தெருவில் போட்டால் ஆட்டோகூடப் போக முடியாது. அதனால் பட்டறையில் கட்டி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, பின்னால் நீளும் முனையில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவருகிறார்கள். 9 அங்குலத்துக்கு 12 அங்குலத் தூண், 12 மி.மீ. கம்பி 6, அரை அடிக்கு ஒரு 8 மி.மீ. ரிங் என்று வைத்துக்கொண்டால், 12 அடிக் கூடு 30 கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர் தோளில் தூக்கிவிடலாம். வண்டிக் குலுக்கலில் ரிங் நழுவும், கூடு கோணிக்கொள்ளும். இறக்கியதும் டேப் வைத்துப் பார்ப்பது நல்லது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000 கணக்குப்படி இந்தத் தூணில் ரிங் இடைவெளி 192 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது (மிகச் சிறிய நெடுங்கம்பியின் விட்டத்தைப்போல் 16 மடங்கு). கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடாக்கு தூணுக்குப் பொதுவாக 40 மி.மீ.; திருவொற்றியூர், எண்ணூர்போலக் கடற்காற்று நேரே அடிக்கும் இடமென்றால் 45. இந்த மூடாக்கு இடைவெளியைக் காக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கைக் கட்டாமல் கூட்டை நிறுத்துவது வீண் வேலை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கேஜ்' லத்தீன் 'கவேயா'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உட்குழிவு என்பது மூலப்பொருள். கம்பியும் சிமெண்டும் சேர்ந்த கதையிலும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் உண்டு: தோட்டக்காரர் ஜோசப் மோனியே, கம்பி வைத்த சிமெண்டுத் தொட்டிக்கு 1867-இல் காப்புரிமை வாங்கினார். ரிங்கை 'ஸ்டிரப்' என்றும் சொல்வதுண்டு; அது குதிரைச் சேணத்து அங்கவடி. அந்தத் தமிழ்ச்சொல்லை இங்கே இழுத்து வந்தால் சிரிப்பார்கள், வளையம் போதும்.

கேஜுக்குக் கூண்டா, கூடா? கூண்டு என்றால் உள்ளே ஏதோ அடைபட்டிருக்கும். ரிங்குகள் நடுக் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கின்றன, ஆகவே அதுவும் தப்பில்லை. ஆனால் எலும்புக்கூடு என்று சொல்லிப் பழகிய நமக்குக் கூடுதான் பொருத்தம். சதையாகக் கான்கிரீட் பின்னால் வரும். ரெடிமேடுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், ஆயத்த ஆடையில் இருக்கும் 'ஆயத்த' இருக்கிறது. 'முன்புனைவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது கதை எழுதுவதுபோல் படுகிறது.

வரைபடத்தில்: ஆயத்தத் தூண் கம்பிக்கூடு.

பேச்சில்: "நாளைக்குக் காலையில மூணு பில்லர் கூடு வருது, ஃபுட்டிங்ல தண்ணிய எறைச்சு வைங்க."