குவாண்டம் டாட் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

ஜனவரி வந்துவிட்டால் எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட் வேலை சூடுபிடிக்கும். 2023இல் பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும், குவாண்டம் டாட் எனும் ஒளிரும் மிக நுண்ணிய துகள்களுக்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து, "சார், நாங்களும் குவாண்டம் டாட் செய்யிறோம்" என்று வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். ஆசைப்படக் காரணமும் உண்டு. காட்மியம் செலினைடு துகள் சுமார் 2 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தால் நீலமாக ஒளிரும். 6 நானோமீட்டருக்கு வளர்ந்தால் சிவப்பு. பொருள் ஒன்றுதான், அளவு மாறினால் நிறம் மாறுகிறது. டிவி திரையிலும், உயிரணுக்களை ஒளிரவைத்துப் பார்க்கும் ஆய்விலும் இது பயன்படுகிறது.

செலினைடுக்கு 300 டிகிரி வரை வெப்பமும் காற்றுப் புகாத ஏற்பாடும் வேண்டும். அதனால் பிள்ளைகள் காட்மியம் சல்பைடுக்குப் போகிறார்கள். காட்மியம் உப்பு, தயோகிளைகாலிக் அமிலம், சோடியம் சல்பைடு, தண்ணீர் இருந்தால் போதும், கரைசல் மஞ்சளாகிவிடும். எல்லோர் கண்ணும் அந்த மஞ்சள் மேலேயே இருக்கிறது. சென்ட்ரிஃப்யூஜ் எனும் வேகச் சுழற்சி இயந்திரத்தில் சுற்றித் துகள் அடியில் தங்கியதும், மேலே தெளிந்து நிற்பதைச் சிங்க்கில் ஊற்றிவிடுகிறார்கள். வினைபுரியாத காட்மியம் எனும் நச்சு உலோகம் கரைந்து நிற்பது அதில்தான். நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இராமநாதபுரம் கரையோரத்தில் பல கட்டிடங்களில் சிங்க் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குத்தான் போகிறது. மணல் நிலம். அதே மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து குடம் நிரப்பும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலுக்குப் போனால் காட்மியம் அங்குள்ள குளோரைடோடு சேர்ந்து கரைந்தே நிற்கும். சிப்பி அதை உடம்பில் சேர்த்துவைக்கும். கணவாய் ஈரலில் சேர்த்துவைக்கும். மனித சிறுநீரகத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஒரு மாணவர் ஊற்றுவது கொஞ்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காட்மியம் மட்கிப்போகிற பொருள் இல்லை. ஒவ்வொரு பேட்ச்சும் அதே குழிக்குத்தான் போகிறது.

கண்ணாடிக் குடுவையில் ஒட்டிய மஞ்சளை அமிலம் விட்டுக் கழுவுவதும் வேண்டாம். சல்பைடு கரைந்து காட்மியம் வெளியே வரும், கூடவே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வரும். கழுவிய நீர் முழுவதையும் லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் கேனில் சேருங்கள். ஃபியூம் ஹுட்டுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) வைத்துக் காரமாக்கி, சோடியம் சல்பைடு சேர்த்தால் காட்மியம் வண்டலாக இறங்கும். வண்டலையும் மிச்ச நீரையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். தலைப்புக்குக் கையெழுத்துப் போடும்போதே வழிகாட்டி ஆசிரியர் இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட வேண்டும்.

அதைவிட, காட்மியத்தையே தவிர்க்கலாம். டிவிகளில் வரும் இண்டியம் பாஸ்பைடு மாணவர் ஆய்வகத்துக்குச் சரிவராது. அதைச் செய்யும் பாஸ்பரஸ் சேர்மங்களில் சில காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். நான் சொல்வது மாங்கனீசு சேர்த்த துத்தநாக சல்பைடு. தண்ணீரிலேயே செய்யலாம், ஆரஞ்சாக ஒளிரும். 365 நானோமீட்டர் அலைநீள யு.வி. (புற ஊதா) டார்ச்சில் மங்கலாகத்தான் தெரியும். 254 நானோமீட்டர் விளக்குள்ள மூடிய யு.வி. பெட்டியில் வைத்துப் பாருங்கள். இதைக் கழுவிய நீரும் கேனுக்குத்தான். துத்தநாகம் கூடினால் கடலின் நுண்பாசிக்கு ஆகாது.