மிடில் பாசேஜ்: எதற்கு நடுவே?

ஆப்பிரிக்க அடிமைகளைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் 'லட்சக்கணக்கானோர் நடுவழியில் இறந்தனர்' என்று படித்தேன். பேருந்து பழுதாகி நடுவழியில் நின்றதைச் சொல்வதுபோல இருந்தது. வேறோர் இடத்தில் அதையே 'மத்தியப் பாதை' என்று போட்டிருந்தார்கள். அது புத்தர் சொன்னதாயிற்றே என்று ஒரு கணம் குழம்பிப் போனேன். இரண்டுமே 'மிடில் பாசேஜ்' என்ற ஆங்கிலத் தொடருக்கு வைத்த தமிழ். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் நிரப்பினால் இப்படித்தான் வரும்.

பொருள் என்னவோ எளிதுதான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் விலைக்கு வாங்கிய மனிதர்களை அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் கொண்டுபோன கடற்பயணம் அது. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1860கள் வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் அப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். ஏழு பேருக்கு ஒருவர் கடலோடு போய்விட்டார்.

'பாசேஜ்' லத்தீனில் 'பாஸ்ஸுஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நடக்கும்போது எடுத்து வைக்கும் அடிதான் பாஸ்ஸுஸ். நம் 'அடிமை'யும் 'அடி'யில் பிறந்ததுதான். தற்செயல் ஒற்றுமை, அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. மாலுமிகள் பேச்சில் 'பாசேஜ்' என்றால் ஒரு துறையிலிருந்து மறு துறைக்குப் போகும் ஓட்டம். சரி, அப்படியானால் 'மிடில்' எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் லிவர்பூலிலோ பிரான்சின் நான்டிலோ புறப்பட்ட கப்பல் ஊர் திரும்ப ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். முக்கோணம்போன்ற அந்தச் சுற்றில் மூன்று ஓட்டங்கள். சரக்கோடு ஆப்பிரிக்காவுக்குப் போவது முதலாவது. மனிதர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடப்பது இரண்டாவது. சர்க்கரையும் புகையிலையும், சில வேளை வெறும் உண்டியல் சீட்டும் (பின்னர் பணமாக மாற்றிக்கொள்ளும் வணிகப் பத்திரம்) கொண்டு ஊர் திரும்புவது மூன்றாவது. இரண்டாவதுதான் நடு. 1780களின் இறுதியில் பிரிட்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்கச் சொல்லி எழுந்த விவாதங்களில் இந்தத் தொடர் பரவியது. வணிகத்தை எதிர்த்தவர்களும் வணிகர்களின் கணக்குச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஓட்டத்தின் சரக்கில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. துப்பாக்கி, இரும்புக் கம்பி, சாராயம் இவற்றோடு இந்தியப் பருத்தித் துணியும் பெருமளவில் போனது. சோழமண்டலக் கரையில் நெய்த ஒரு வகைத் துணிக்கு ஐரோப்பியர் வைத்த பெயரே 'கினி துணி'. கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். அப்புறம் சோழி. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி, வங்கத்துக்கும் இலங்கைக்கும் வந்து, ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பணமாகப் போனது. பல்லாங்குழியில் நாம் வைத்து ஆடிய அதே சோழியைக் கூடை கூடையாக அளந்து அங்கே ஆளை வாங்கினார்கள்.

ஆக, 'நடு' என்பது கப்பல் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில்தான் நடு. பிடிபட்டவருக்கும் அது நடுதானே என்று வாதிடலாம். உள்நாட்டிலிருந்து கரைவரை நடந்தது ஒன்று, கடல் ஒன்று, இறங்கியபின் தோட்டத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது ஒன்று. நியாயமான வாதம்தான். ஆனால் பெயர் அந்தக் கணக்கில் பிறக்கவில்லை.

கணக்குப் புத்தகம் என்று சும்மா சொல்லவில்லை. 1781இல் ஸாங் என்ற அடிமைக் கப்பல் ஜமைக்காவை வேறு தீவு என்று தவறாக நினைத்துத் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர் போதாது என்று சொல்லி, 130க்கும் மேற்பட்டவர்களைச் சில நாட்களில் கடலில் தள்ளினார்கள். நோயில் செத்தால் காப்பீடு கிடையாது. மற்றச் சரக்கைக் காப்பாற்றக் கொஞ்சம் சரக்கைக் கடலில் வீசினால் உண்டு. முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு கேட்டார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றத்தில் நடுவர் குழு அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டாளர்கள் விடவில்லை. குதிரைகளைக் கடலில் எறிந்தது போலத்தான் இந்த வழக்கு பார்க்கப்பட்டது என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு குறிப்பிட்டார், மறுவிசாரணைக்கு வழிவிட்டார். கொலை என்று யார்மேலும் வழக்கு நடக்கவில்லை. செய்தியை எடுத்துக்கொண்டு கிரான்வில் ஷார்ப் என்ற அடிமை வணிக ஒழிப்பாளரிடம் போனவர் ஒலாடா எக்வியானோ, முன்னாள் அடிமை.

1788இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. லிவர்பூலின் புரூக்ஸ் கப்பல் 454 பேருக்குமேல் ஏற்றக்கூடாது என்றானது. அதற்குமுன் ஒரு பயணத்தில் அது 609 பேரை ஏற்றியிருந்தது. ஆண் ஒருவருக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம் என்று கணக்குப் போட்டு, ஒழிப்பாளர்கள் அந்தக் கப்பலை வரைந்து அச்சிட்டார்கள். அடுக்கி வைத்த தீக்குச்சிபோல மனிதர்கள் கிடக்கும் அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்கு உட்பட்ட எண்ணிக்கையை வைத்தே அந்த நெரிசல். கடலில் குதித்துத் தப்பிவிடாமல் இருக்கக் கப்பலைச் சுற்றி வலை கட்டுவதும் வழக்கம். செத்தால் அவர்களுக்கு விடுதலை, முதலாளிக்கு நட்டம்.

இந்தத் தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எல்லா நாட்டையும்விட அதிகமாக, ஏறத்தாழ 48 லட்சம் பேர் இறக்கப்பட்டது பிரேசிலில். அங்கே பெரும்பாலும் முக்கோணமே கிடையாது. பிரேசிலின் பாயியா பகுதியில் விளைந்த புகையிலையும் கரும்புச் சாராயமும் ஏற்றிய கப்பல் நேரே ஆப்பிரிக்கா போய், ஆட்களோடு நேரே திரும்பும். போக்கும் வரத்தும் மட்டும் உள்ள ஓட்டத்தில் நடு ஏது? போர்ச்சுகீசியத்தில் அந்தக் கப்பல்களுக்கு 'தும்பெய்ரோ' என்று பெயர். 'தும்பா' என்றால் கல்லறை. பெயர் வைத்தவருக்கு ஒளிவுமறைவு தெரியாது போலிருக்கிறது.

கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். பயணத்துக்கு அல்ல, பக்கத்தில் கிடந்தவருக்கு. ஒரே கப்பலில் வந்தவர்கள் பிரேசிலில் ஒருவரையொருவர் 'மலுங்கோ' என்று அழைத்தார்கள். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளிலிருந்து வந்த சொல். தென் அமெரிக்காவின் சூரினாமில் 'சிப்பி'. நம் சிப்பி இல்லை, 'ஷிப்' திரிந்தது. பெற்றோரும் ஊரும் போனபின் அந்த உறவு உடன்பிறப்புக்கு ஈடாக நின்றது. பின்னாளில் ஒப்பந்தத்தில் கடல் கடந்து போன இந்தியக் கூலித் தொழிலாளர்களிடம் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரன், என்ற சொல் பிறந்ததும் இதே தேவையில்தான். ஆனால் கூலிக் கப்பல் பயணத்தை 'மிடில் பாசேஜ்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே மோசடியும் சாவும் இருந்தன. ஆளையும் அவர் பிள்ளைகளையும் பரம்பரைச் சொத்தாக விற்கும் உரிமை இல்லை.

யாருடைய கணக்கு கடைசியில் தீர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1833இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை. மேலும் சில ஆண்டுகள் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி அடைந்தது 2015இல்.

இனித் தமிழ். 'நடுவழி' வேண்டாம், பாதியில் என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. 'நடுப்பாதை' பாதையைக் காட்டுகிறது, பயணத்தை அல்ல. 'நடுக்கடல் பயணம்' நடுவைக் கடலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஓட்டங்களில் இடையிலுள்ளது என்பதால் 'இடைப்பயணம்' சரியாக உட்காருகிறது. முக்கோண வணிகத்தைப் பற்றி எழுதும்போது, முதல் இடத்தில் 'அடிமைக் கப்பல்களின் இடைப்பயணம்' என்று விரித்து எழுதி, பிறகு 'இடைப்பயணம்' என்றே தொடரலாம். பிரேசிலைப் பற்றி எழுதினால் 'இடை'யை எடுத்துவிட்டு, 'அடிமைக் கப்பல் பயணம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.