ஈரத்துணிய கீழ வைங்க: வீட்ல ரவிவர்மா படம் வச்சிருக்கவங்களுக்கு

போன மாசம் களியக்காவிளை பக்கத்துல இருந்து ஒரு அக்கா படம் ஒண்ணு கொண்டு வந்தாங்க. சரஸ்வதி, ரவிவர்மா பிரஸ்ல அச்சடிச்சது, அவங்க பாட்டி காலத்து படம். ஆயுத பூஜை வருதேன்னு கண்ணாடிய கழட்டி ஈரத்துணியால தொடைச்சிருக்காங்க, வீணை பக்கம் கலர் துணியோட வந்துட்டு, அடியில வெறும் பேப்பர் தெரியுது. "அழுக்குன்னு நெனச்சுதான தொடச்சேன் தம்பி"ன்னு சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு. பழைய படம் சரிபண்றதுதான் என் வேலை, வருஷா வருஷம் இதே கதைதான் வருது, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நம்ம கன்னியாகுமரி ஜில்லா முன்னாடி திருவிதாங்கூர்லயும், அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்தது, அதனால இங்க பழைய வீடுகள்ல ரவிவர்மா அச்சுப்படமும் தாத்தாமாரோட ஆயில் போர்ட்ரெய்ட்டும் இன்னும் தொங்குது. ஓவியர் ரவிவர்மா 1894ல பம்பாய்ல பிரஸ் தொடங்குன பிறகு சாமி படம் சாதாரண வீட்டுக்கும் நெறைய வந்தது. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி கல்லு, ஒண்ணுமேல ஒண்ணா பேப்பர்ல அச்சடிச்சு மேல வார்னிஷ் பூசுவாங்க. அந்த வார்னிஷ் வயசாகி மஞ்சளாகும், வெடிக்கும். நீங்க அழுக்குன்னு பாக்கறதுல பாதி அந்த வார்னிஷ்தான், வெடிப்பு வழியா தண்ணி எறங்குனா பேப்பர் ஊதி மை உதிரும்.

ஆயில் பெயின்டிங்னா இன்னும் மோசம். உருளைக்கிழங்க வெட்டி தேய்க்கறாங்க, பளபளப்புக்கு தேங்காய் எண்ணெய் தடவுறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். முகத்துல வெளிச்சம் விழுற இடத்துல பெயின்ட் கனமா இருக்கும், நிழல் விழுற கன்னம், கழுத்து, புடவை மடிப்புல ரொம்ப மெல்லிசா இருக்கும், தேய்க்கும்போது மொதல்ல போறது அதுதான், அப்புறம் அந்த முகத்துல உயிரே இருக்காது.

ஒரு நாள் பஸ் ஏறி திருவனந்தபுரம் மியூசியம் போயிட்டு வாங்க. அந்த காம்பவுண்டுக்குள்ள 1935ல தொறந்த ஸ்ரீ சித்ரா ஆர்ட் கேலரியும் இருக்கு, ரவிவர்மாவுக்குன்னே 2023ல தொறந்த புது கேலரியும் இருக்கு. 1893ல சிகாகோ கண்காட்சிக்கு பத்து படம் அனுப்புன மனுஷன் கிளிமானூர்க்காரர், நம்ம பக்கத்து ஊரு, அவர் கையால வரைஞ்ச ஒரிஜினல நேர்ல பாத்தாதான் மேல சொன்ன அந்த மெல்லிசு என்னன்னு புரியும். ஃபோன்ல ஃபிளாஷ் போடாதீங்க, விரல் வைக்காதீங்க. மியூசியத்துல லைட் ஏன் மங்கல்னு நெறைய பேரு கேக்காங்க, லக்ஸ்ங்கறது வெளிச்சத்த அளக்கற அளவு, ஆயில் படத்துக்கு 200 லக்ஸ், பேப்பர் படத்துக்கு 50 லக்ஸ், அதுக்கு மேல போகக்கூடாதுங்கறதுதான் பொதுவான கணக்கு. வெளிச்சத்துல வெளுத்த கலர் திரும்பி வராது.

வீட்ல மழச்சாரல் அடிக்கற சுவர்ல மட்டும் மாட்டாதீங்க, நமக்கு ரெண்டு மழையும் உண்டுல்லா. சட்டத்துக்கு பின்னாடி நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டுனா சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். படம் கண்ணாடியோட ஒட்டியிருந்தா பிச்சு எடுக்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க. அந்த காலத்துல பெண்கள் சாமி புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் வச்சு தைச்சிருப்பாங்க, அதையும் பிரிக்காதீங்க, அது அந்த ஆச்சியோட கை வேலை.

சரஸ்வதி படம் இன்னும் என் டேபிள்ல கெடக்கு, போன கலர முழுசா கொண்டு வர முடியாது, மிச்சம் உதிராம நிறுத்தலாம்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன், அது போதும் தம்பின்னுட்டாங்க.