கீழுதடு மரத்தால் அது பல் சமாசாரம் மட்டும்தானா?

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா மடியில் எப்போதும் வெற்றிலைப் பெட்டி இருக்கும், கூடவே ஒரு துண்டுப் புகையிலை. கடைவாய்ப் புண்ணைப் பல் குத்தியது என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், "கீழுதடு மரத்துப்போச்சுப்பா, காபி வழியுறதே தெரியல" என்ற பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். வாய்ப்புற்று என்றார்கள். அறுவை முடிந்து வந்த பயாப்சி அறிக்கையில் ஒரு வரி: நரம்பைச் சுற்றி ஊடுருவல், உண்டு. அதாவது, புற்று நரம்பையும் பிடித்திருக்கிறது; உதடு மரத்தது அதனால்தான்.

நம்ம வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இருப்பதுபோல நரம்புக்கும் மூன்று உறைகள். புற்று அந்த உறைக்குள் எங்காவது புகுந்திருந்தாலோ, நரம்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்காவது வளைத்திருந்தாலோ ஊடுருவல் என்று கணக்கு. தடை குறைந்த வழி பார்த்துப் புற்று நுழைகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஆனால் உறைகளுக்கு நடுவே காலியான சந்து ஏதும் கிடையாது.

நடப்பது வேறு. நரம்பும் அதைப் போர்த்திய ஷ்வான் செல்களும் என்ஜிஎஃப், ஜிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் டிஆர்கே-ஏ, ரெட் என்ற ஏற்பிகள் புற்றுசெல்லின் மேல் இருந்தால் அது வாசனை பிடித்ததுபோல நரம்பை நோக்கி நகர்கிறது. நரம்பு விடும் கேலனின் என்ற பொருளும் புற்றுசெல்லின் ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. பதிலுக்குப் புற்று சுரப்பவை நரம்பைத் தன் பக்கம் வளர்க்கின்றன. ஆக, நரம்பு ஒன்றும் அப்பாவி இல்லை. பி53 என்ற காவல் புரதத்தை இழந்த புற்று, பக்கத்து உணர்வு நரம்பையே அட்ரினலின் வகை நரம்பாக மாற்றிவிடுகிறது என்று 2020-இல் ஆய்வொன்று வந்தது, படித்தபோது கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது.

இந்தப் புரதங்களை அளந்து நோயின் போக்கைச் சொல்லலாமே? பல ஆய்வுகளில் என்ஜிஎஃப் அதிகமுள்ள கட்டிகளில் ஊடுருவலும் அதிகம், சரி, ஆனாலும் வழக்கமான அறிக்கையில் அவை இன்னும் இடம்பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், சின்ன நரம்புகள் ஊதாவும் ரோஸுமான சாதாரணச் சாயத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்போது, நரம்பைப் பழுப்பாகக் காட்டும் எஸ்100 சாயம் போட்டு இன்னொரு தடவை பார்ப்பதே பெரிய உபகாரம். ஊடுருவல் இருந்தால் கட்டி அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது, அதனால்தான் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பற்றி யோசிக்கிறார்கள்.

டாக்டர் தாடையிலிருந்து காதுக்கு முன்புறம் வரை விரலால் கோடிழுத்து, கீழுதட்டு நரம்பு போகும் வழி இது என்று காட்டினார். அப்பத்தாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

"பொகயில வேணாம், வெறும் பாக்கு போடலாமா டாக்டரய்யா?"

பாக்கு தனியாகவே புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியிலேயே இருக்கிறது. பாக்குவெட்டியை அன்றைக்கே பரணில் ஏற்றினோம்.