15 வருஷம் ஆன வண்டியைக் காயலான் கடையில் போடும் முன்

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போகிற ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவிஎஸ் 50-ஐ எடைக்குப் போட்டுவிட்டார். "15 வருஷம் ஆச்சுங்க, இனி ஓட்டுனா புடுங்கிக்குவாங்களாம்" என்றார். சொன்னது வாட்ஸ்அப். டீசல் வண்டிக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 என்ற கெடு டெல்லி வட்டாரத்துக்கானது. நம் ஊரில் சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருஷம். அப்புறம் வண்டி சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

பைக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய், காருக்கு 5,000. 20 வருஷம் தாண்டினால் இரண்டு மடங்கு. பசுமை வரி தனி. ஆர்சி முடிவதற்கு 60 நாள் முன்பே மனு போடலாம், போட்டுவிடுங்கள். தாமதமானால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் ஏறிக்கொண்டே போகும்.

பணம்கூடப் புரட்டிவிடலாம். ஆளை அலைய விடுவது ஹெச்பி, அதாவது வண்டிக் கடனுக்காக ஆர்சியில் ஏறிய அடமானப் பதிவு. ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா பாருங்கள். கடனை 2013-லேயே அடைத்திருப்பீர்கள், சரி. கடன் பாக்கி இல்லை என்று கம்பெனி தரும் என்ஓசியோடு படிவம் 35 கொடுத்து ரத்து செய்யாதவரை, பதிவேட்டில் நீங்கள் இன்னும் கடன்காரர்தான். ஆர்டிஓ ஆபீஸ் கவுன்டரில் "என்ஓசி எங்கே?" என்பார்கள். கம்பெனியில் "பழைய கணக்குங்க, ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்" என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த ஏற்காட்டுக்காரருக்கு அன்றைய கூலி போச்சு. ஒருவர் இதற்காக மூன்று முறை இறங்கியதை நானே பார்த்தேன். மலையிலிருந்து வருகிறவரிடம் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொன்னால் என்னவாம்?

அடுத்தது பெயர். வண்டி காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், முதலில் வாரிசு சான்றிதழ், படிவம் 31, பெயர் மாற்றம். அதைச் செய்யாமல் புதுப்பிக்கப் போகாதீர்கள். ஆர்சியில் யாருடைய செல் நம்பர் ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். புரோக்கர் தன் நம்பரைப் போட்டிருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு வேலைக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டும். பழைய இ-சலான் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் மண்ணெண்ணெய்த் துணியால் சேசிஸ் நம்பரைத் துடையுங்கள். மலை ஈரத்தில் துருவும் சேறும் அப்பி, நாலு எழுத்து தெரியாது. "நம்பர் தெரியலை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பிவிடுவார்கள். வேறு காரணம் சொல்லித் திருப்பினால், அதை மனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வண்டி நிஜமாகவே முடிந்துவிட்டதா? பதிவு பெற்ற கழிவு மையத்தில் கொடுத்து, சான்று வாங்கி, ஆர்சியை ரத்து செய்யுங்கள். நாகலூர்க்காரர் அதைச் செய்யவில்லை. அந்த நம்பரை மாட்டிக்கொண்டு எவனாவது யாரையாவது இடித்தால், நோட்டீஸ் இவர் வீட்டுக்குத்தான் வரும்.