காய்ச்சல் விட்ட பிறகும் கைக்குழந்தைக்கு இருமல் ஏன் நீடிக்கிறது?

ஐப்பசி மழையில் தொடங்கித் தை மாதம் வரைக்கும் குழந்தைகள் நல மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் பலருக்கும் குறை ஒன்றுதான். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிட்டது, மூக்கு ஒழுகுவதும் குறைந்துவிட்டது, ஆனால் இருமல் மட்டும் நிற்கவில்லை. பத்து நாளாகியும் குழந்தை இரவில் இருமி எழுந்து, குடித்த பாலைக் கோழையோடு கக்கிவிட்டு அழும்போது, கொடுத்த மருந்து சரியில்லையோ என்று நினைத்துச் சிரப்பை மாற்றுகிறார்கள், பிறகு மருத்துவரையும் மாற்றுகிறார்கள். இந்த இருமல் ஏன் இவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதற்கு மூச்சுக்குழலின் உட்சுவரிலேயே தெளிவான விடை இருக்கிறது. அதைப் பெற்றோர் அறிந்திருந்தால், பயனற்றதும் சில வேளைகளில் ஆபத்தானதுமான பல மருந்துகள் குழந்தையின் வாய்க்குப் போகாமல் தடுக்கலாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இத்தகைய நீண்ட இருமலை உண்டாக்குவதில் முன்னிலை வகிப்பது ஆர்எஸ்வி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வைரஸ். 1956இல் அமெரிக்காவில் சளி பிடித்த ஆய்வகச் சிம்பன்சிகளிடம் முதன்முதலில் கண்டறியப்பட்ட இந்த வைரஸை, அடுத்த ஆண்டே ராபர்ட் சானாக் என்ற மருத்துவ ஆய்வாளர் நோயுற்ற குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்தார். குளிர் நாடுகளில் பனிக்காலத்திலும், வெப்ப நாடுகள் பலவற்றில் மழைக்காலத்தை ஒட்டியும் இது பரவுகிறது. இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்துவிடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஜலதோஷமாக வந்து போகும் இதே வைரஸ், கைக்குழந்தையின் நெஞ்சுக்குள் இறங்கி, மிகச் சிறிய மூச்சுக்குழல் கிளைகளைத் தாக்கும்போது, மருத்துவர்கள் பிராங்கியோலைடிஸ் என்று குறிப்பிடும் நோயாகிறது.

நம் மூச்சுப் பாதையின் உட்சுவர் முழுவதும் ஈரமான கோழைப் படலம் படர்ந்திருக்கிறது. தூசும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்கு அடியில் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ இருநூறு குற்றிழைகள், கண்ணுக்குத் தெரியாத மயிர்களாக நின்று, நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக ஒரே திசையில் அசைகின்றன. கட்டடத்துக்குத் தளம் போடும் நாளில் சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பும் சித்தாட்களைப் போல, இந்தக் குற்றிழைகள் கோழையை நெஞ்சிலிருந்து தொண்டை வரை கடத்திக்கொண்டே இருக்கின்றன. அங்கு வந்து சேர்ந்த கோழையை நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். ஆர்எஸ்வி குறிவைத்துப் புகுவது இந்தக் குற்றிழைகள் கொண்ட செல்களுக்குள்தான். செல்கள் இறந்து உதிர்கின்றன. வரிசை நடுவில் அறுந்துபோகிறது. உதிர்ந்த செல்களும் கோழையும் தொற்றை எதிர்க்க வந்த வெள்ளையணுக்களும் சேர்ந்து நுண்குழலுக்குள் அடைப்பாகத் தங்கிவிடுகின்றன.

கைக்குழந்தையின் துன்பம் பெரியவர்களின் துன்பத்தைவிடப் பன்மடங்காக இருப்பதற்குக் காரணம் எளிய கணக்கு ஒன்று. காற்று சீராக ஓடும் குழாயின் தடை, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுகிறது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலின் சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால், காற்றுக்கு ஏற்படும் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். அதே வீக்கம் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலில் ஏற்பட்டால் தடை 16 மடங்காகிவிடும். முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, பால் குடித்துக்கொண்டே மூச்சுவிட வேண்டிய அந்தக் குழந்தைக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது. இரண்டு மடக்குக் குடித்து, வாயை எடுத்து மூச்சு வாங்கி, மறுபடி பற்றி, மறுபடி விட்டு, களைத்துப்போய்ப் பாதியில் தூங்கிவிடுவதை நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அம்மாக்கள் கவனித்திருப்பார்கள். நோய் உச்சத்தில் இருக்கும் நாள்கள் அவை.

அதன்பின் வைரஸ் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆனால் சுவரைப் புதுப்பிக்கும் வேலை அப்போதுதான் நடுவழியில் இருக்கிறது. அடித்தளத்தில் உள்ள செல்கள் சில நாள்களிலேயே பிரிந்து பெருகத் தொடங்கினாலும், அவை முதலில் உருவாக்குவது குற்றிழைகள் இல்லாத செல்களை. குற்றிழைகளோடு முழுமையாக வேலை செய்யும் செல்கள் வந்து சேர இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கோழையைக் கடத்தும் வரிசை அதுவரை சீராக இயங்காது. அந்த இடைவெளியில் கோழையை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முக்கியமான வழி இருமல். சுவரில் தேங்கிய கோழை வேகஸ் நரம்பின் நுனிகளைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டுக்குப் போக, குழந்தை காற்றை உள்ளிழுத்து, குரல்வளை ஒரு கணம் மூடி, வயிற்றுத் தசைகள் அழுத்த, அடைபட்ட காற்று வெடித்து வெளியேறும்போது கோழையையும் தள்ளிக்கொண்டு வருகிறது. புதிதாக வளர்ந்த சுவர் சில காலம் மிகவும் கூச்சத்தோடு இருப்பதால், குளிர்ந்த காற்றோ ஊதுபத்திப் புகையோ பட்டால்கூட இருமல் கிளம்பும். பிராங்கியோலைடிஸ் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இருமல் மூன்று வாரங்களுக்குள் நின்றுவிடுகிறது. அப்படியென்றால், பதினைந்தாம் நாளில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தை வழக்கமான பாதையில்தான் இருக்கிறது.

சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அவற்றில் பெரும்பகுதி மழையும் பனியும் உள்ள சில மாதங்களுக்குள் வந்துவிடுவதால், ஒரு தொற்றின் பழுது முழுமையாகச் சரியாவதற்குள் அடுத்த வைரஸ் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் போகும் அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் இது இன்னும் அடிக்கடி நடக்கும். இரண்டு மாதமாக விடாத ஒரே இருமல் என்று பெற்றோர் நினைப்பது, பல நேரங்களில் அடுத்தடுத்து வந்த இரண்டு மூன்று நோய்கள்.

இவ்வளவையும் அறிந்த பிறகு மருந்துகளைப் பார்க்கலாம். இருமலை அடக்கும் சிரப், கோழையை வெளியேற்றும் அந்த முக்கியமான வழியை மழுங்கடிக்க முயல்கிறது. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் வைரஸை ஒன்றும் செய்யாது. நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. பிராங்கியோலைடிஸில் அடைப்பு வீக்கத்தாலும் உதிர்ந்த செல்களாலும் ஏற்படுவதால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பலன் தருவதில்லை. சிரப் விஷயத்தில் நான் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டையெத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் ஏறத்தாழ பாதியளவுக்குக் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித்தரவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் அவை பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத சிரப்பும் இந்த வயதில் இருமலைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை என்பதுதான் அந்த மரணங்களை இன்னும் தாங்க முடியாததாக்குகிறது.

வீட்டுப் பழக்கங்களிலும் சிலவற்றை விட்டுவிட வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால், அது நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே அழற்சியை உண்டாக்கும். கற்பூரம் கலந்த தைலம் குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று வலிப்பைத் தூண்டக்கூடியது. தலை துவட்டிய பின் போடும் சாம்பிராணிப் புகை, ஏற்கெனவே புண்பட்ட சுவரை மேலும் எரிச்சலூட்டுகிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும் என்பதால், ஒரு வயது நிறையும் வரை நாவில் தடவும் அளவுக்குக்கூடத் தேன் கூடாது.

உதவக்கூடியவை எளியவை. பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு மூக்குத் துளையிலும் சலைன் எனப்படும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை விட்டு, இளகி வரும் சளியை மென்மையாக உறிஞ்சி எடுத்தால், குழந்தை அடுத்த வேளைப் பாலை மூச்சுத் திணறாமல் குடிக்கும். ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுப்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கலாம். தூளியில் கிடக்கும்போது கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் முட்டினால் காற்றுப் பாதை மேலும் குறுகும். எனவே நோயுள்ள நாள்களில் சமமான படுக்கையில் மல்லாந்து படுக்க வைப்பது நல்லது. தலைக்கு உயரம் கொடுக்கத் தலையணை வைக்கக் கூடாது. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது.

பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான திறமை மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை மூச்சு எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கின் ஓரங்கள் விரிகின்றனவா, மூச்சை விடும்போது முனகல் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நெஞ்சில் கைவைத்தால் உணரப்படும் கரகரப்பு பல நேரங்களில் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளியின் அதிர்வுதான். அந்தச் சத்தத்தைவிட இந்த அறிகுறிகளே பெரிது. மூச்சு வேகமாகவோ குழி விழுந்தோ முனகலோடோ இருந்தாலும், வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலும், பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும், நடுநடுவே மூச்சு நின்று நின்று வந்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நான்கு வாரம் கடந்தும் இடைவெளியே இல்லாமல் தொடரும் இருமல் வேறு வகையைச் சேர்ந்தது. கக்குவான் இருமல், வீட்டில் ஒருவருக்கு உள்ள காசநோய், பால் மூச்சுக்குழலுக்குள் போவது, திடீரென்று தொடங்கியிருந்தால் வேர்க்கடலை போன்ற பொருள் மூச்சுப் பாதையில் சிக்கியிருப்பது ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாக ஆராய்வார். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கக்குவான் வந்தால், பெயர்பெற்ற அந்தக் கூவும் சத்தம் கேட்காமல், முகம் கறுத்து மூச்சு நிற்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசியில் கக்குவானுக்கான பாதுகாப்பும் அடங்கியிருப்பதால், நீண்ட இருமலோடு வரும் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் மருத்துவரிடம் மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும்.